எத்தனை கிலோ குறையும்? இரண்டு எடைக் குறைப்பு ஆபரேஷன்களுக்குப் பிறகு எனக்குப் புரிந்த கணக்கு

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிற யாரும் டாக்டரிடம் முதலில் கேட்பது "எத்தனை கிலோ குறையும்?" என்பதைத்தான். நானும் கேட்டேன். 2018-இல் ஒரு தடவை, 2023-இல் மறுபடியும். முதல் தடவை கிடைத்தது ஒரு வரிப் பதில். இரண்டாவது தடவை வேறொரு ஊரில் வேறொரு டாக்டர் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் ஐந்து வருஷம் ஓடிவிட்டது. எட்டரை லட்சத்துக்கு மேல் பணம் போயிற்று. நெஞ்செரிச்சலில் உட்கார்ந்தபடியே விடிந்த ராத்திரிகளுக்குக் கணக்கில்லை. ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டுமே எனக்கு நல்லது செய்திருக்கின்றன. ஆனால் அந்த வெள்ளைத்தாள் கணக்கு 2018-லேயே என் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும். இப்போது இந்த முடிவின் முன்னால் நிற்கிற யாருக்காவது அது முன்கூட்டியே கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் திருச்சிக்காரி. ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் மஸ்கட்டில். வீட்டில் அத்தையும் மகளும் நானும்தான். 2018-இல் எனக்கு 39 வயது, உயரம் 160 சென்டிமீட்டர், எடை 108 கிலோ. பிஎம்ஐ, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், 42. ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. ராத்திரி குறட்டையில் எனக்கே விழிப்பு வந்துவிடும். மாடிப்படி ஏறினால் முழங்கால் நொறுங்குவதுபோல வலிக்கும். நடைப்பயிற்சி, பேலியோ, கொள்ளு ரசம், டயட்டீஷியன் பேக்கேஜ் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு கிலோ குறையும், பிறகு பத்துக் கிலோவாகத் திரும்பி வரும். சர்க்கரை டாக்டர்தான் ஆபரேஷன் பற்றி யோசிக்கச் சொன்னார்.

சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே கவுன்சிலர் என்று ஒரு பெண். "மேடம், ஸ்லீவ் பண்ணிக்கோங்க, எழுபது பர்சென்ட் குறைஞ்சிடும்" என்றார். எதில் 70 சதவீதம் என்று கேட்டேன். "எக்ஸஸ் வெயிட்ல மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்த வார்த்தைக்குள் இருந்த கணக்கு எனக்குப் பிற்பாடுதான் பிடிபட்டது. கூடுதல் எடை என்பது நம் இப்போதைய எடையிலிருந்து, பிஎம்ஐ 25 வரும் எடையைக் கழித்தால் கிடைப்பது. என் உயரத்துக்குப் பிஎம்ஐ 25 என்றால் 64 கிலோ. 108-இல் 64 போக 44. அந்த 44-இல் 70 சதவீதம் என்றால் ஏறக்குறைய 31 கிலோ. ஆக 77 கிலோவுக்கு வருவேன் என்று அர்த்தம். வீட்டில் அத்தைக்கு இந்த 70 சதவீதம் வேறு மாதிரி கேட்டது. "நூத்தியெட்டுல எழுபது போனா மிச்சம் என்னம்மா இருக்கும்?" என்று பயந்துபோனார். உறவுக்காரர்கள் சிலர் நான் கல்லூரி நாள் உடம்புக்கே திரும்பிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு சதவீதத்தை ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொள்ள முடிகிறது என்றால், அதைச் சொல்கிறவர்தான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் யார் எந்தச் சதவீதத்தைச் சொன்னாலும், அதைக் கிலோவாக மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு விதமான சதவீதங்கள் புழக்கத்தில் உண்டு. ஒன்று நான் மேலே சொன்ன கூடுதல் எடைக் கணக்கு. இன்னொன்று மொத்த எடைக் கணக்கு, அதாவது ஆபரேஷனுக்கு முந்தைய எடையில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது. 108 கிலோவில் 31 போனால் முதல் கணக்கில் அது 70 சதவீதம், இரண்டாவது கணக்கில் 29 சதவீதம்தான். விளம்பரங்களில் எது பெரிதாகத் தெரியுமோ அதைத்தான் போடுகிறார்கள். போதாக்குறைக்கு, இந்தியர்களுக்குப் பிஎம்ஐ 23-ஐயே எல்லையாக வைக்க வேண்டும் என்று சில டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் என் கூடுதல் எடை 44 இல்லை, 49. குறைந்த கிலோ அதேதான், சதவீதம் மட்டும் இன்னும் இறங்கும். நம் உயரத்துக்கும் எடைக்கும் கிலோவில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் இந்தக் குழப்பம் எதுவும் இருக்காது.

ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழ வடிவக் குழாயாக்கி விடுவது. பசியைத் தூண்டும் கிரெலின் என்கிற ஹார்மோன் அதிகம் சுரப்பது அந்த வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான் என்பதால் பசியும் அடங்கும். ஆபரேஷன் செலவு மூன்று லட்சத்து எண்பதாயிரம். அப்போது பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் உடல் பருமன் ஆபரேஷனுக்கு இடமே கிடையாது. சேமிப்பிலிருந்து பாதியும் பிஎஃப் லோனிலிருந்து மீதியும் எடுத்துக் கட்டினேன்.

முதல் இரண்டு வாரம் முழுக்கத் திரவம்தான். இருமல் மருந்தோடு வரும் சின்ன பிளாஸ்டிக் மூடியில் பருப்புத் தண்ணீரை 15 மில்லி கோடு வரைக்கும் ஊற்றி, அதைப் பத்து நிமிஷத்துக்கு உறிஞ்ச வேண்டும். பதினைந்து மில்லியிலேயே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அத்தை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார், பேச மாட்டார். பிறகு மோர், இளநீர், கூழ்ப் பதத்தில் இட்லி என்று மெல்ல மெல்ல முன்னேறினேன். மூன்றாவது மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வேகமாக எடை குறையும்போது இது பலருக்கும் வருகிறது, பெரும்பாலும் திரும்பவும் வளர்ந்துவிடும். அதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால், சீப்பைப் பார்த்து அத்தனை நாள் அழுதிருக்க மாட்டேன்.

எடை இறங்கியது. முதல் மூன்று மாதத்தில் 17 கிலோ. இந்த மூன்று மாதக் கணக்கு ரொம்ப முக்கியம். ஆபரேஷனுக்கு முன்னால் போடுகிற எந்தக் கணிப்பையும்விட, ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் தராசு காட்டுகிற எண்தான் ஒரு வருஷத்துக்குப் பிறகு எங்கே நிற்போம் என்பதற்கு நல்ல அறிகுறி. ஆரம்பத்திலேயே சராசரிக்குக் கீழே இருப்பவர்களை அப்போதே கவனித்து, உணவு, புரதம், மனநிலை, மருந்து என்று ஏதாவது செய்ய நேரம் இருக்கிறது. அதனால் மூன்றாவது மாத செக்கப்பை வெறும் தையல் பார்க்கிற செக்கப்பாக முடித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். "என் உயரம், என் எடை, என் ஆபரேஷனுக்கு இந்த மூன்று மாதத்தில் பொதுவாக எவ்வளவு குறையும், நான் அதற்கு மேலேயா கீழேயா?" என்று கேளுங்கள்.

2019 கடைசியில் 76 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. குறட்டை நின்றது. மகளோடு மலைக்கோட்டைப் படி முழுவதையும் ஏறி, உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தோம். கல்யாண வீடுகளில் மட்டும் "என்னடி, சுகரா? இப்படி இளைச்சுட்டே" என்று கேட்டுக் கேட்டு மனசைப் புண்படுத்துவார்கள். ஆபரேஷன் செய்துகொண்டதை யாரிடமும் சொல்லவில்லை. குறுக்கு வழி என்று பேசுவார்கள் என்கிற பயம். அந்த மௌனத்தால்தான் பிற்பாடு எடை ஏறியபோது ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவித்தேன்.

கவுன்சிலர் சொன்ன 70 சதவீதம் பொய்யில்லை. 44-இல் 32 கிலோ போயிற்று என்றால் அது 73 சதவீதம். வாக்குக் கொடுத்ததைவிட அதிகம். ஆனால் அந்த 70 சதவீதம் எந்த வருஷத்துக்கானது என்பதை அவர் சொல்லவே இல்லை. எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் எடை ஒன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் அடிமட்டத்தைத் தொடும். அதற்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு ஓரளவு ஏறும். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. அதில் பைபாஸ், அதாவது இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கிற ஆபரேஷன், செய்துகொண்டவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் சராசரியாக மொத்த எடையில் 32 சதவீதத்தை இழந்தார்கள். பத்தாவது வருஷம் அது 25 சதவீதமாக நின்றது. அடிமட்டத்துக்கு வந்த அன்று எடுத்த போட்டோவைத்தான் மருத்துவமனைச் சுவரில் மாட்டுகிறார்கள். ஐந்தாம் வருஷத்துப் போட்டோவை நான் எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை.

லாக்டவுன் வந்தது. வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தபடி. அதோடு நெஞ்செரிச்சல். படுத்தால் புளிப்பு நீர் தொண்டை வரைக்கும் வரும். மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்து தூங்கினேன். காரமான எதையும் தொட முடியவில்லை. மென்று சாப்பிட வேண்டிய கோழி, முட்டை, சுண்டல் எல்லாம் எரிந்தன. எரியாமல் இறங்கியவை பால், ரஸ்க், பிஸ்கட், ரவைக் கஞ்சி. இவை எல்லாமே சுலபமாக வழுக்கிக்கொண்டு போகிற மாவுச்சத்து. வயிறு நிரம்பின உணர்வே வராது, கலோரி மட்டும் சேரும். எடை 79, 83, 86 என்று ஏறியது. 2022 முடியும்போது 88. சர்க்கரை மாத்திரையும் திரும்பி வந்தது.

அறுவை செய்த மருத்துவமனைக்கே திரும்பிப் போனேன். அங்கே கிடைத்த வார்த்தை இன்னும் மனதில் இருக்கிறது. "நாங்க எங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சோம் மேடம், கட்டுப்பாடு உங்க கையில." அந்த அறையிலிருந்து வெளியே வந்து வராந்தாவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ராத்திரி பஸ்ஸில் திருச்சி வரும் வரைக்கும் அதே வார்த்தைதான் காதில் ஓடியது. நல்லவேளையாக வரும்போது என் பழைய ஃபைல் முழுவதையும் நகல் எடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தேன். 2018-இல் ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில், உணவுக்குழாயின் அடிப்பக்க வால்வு தளர்வாக இருக்கிறது என்று ஒரு வரி. ஸ்லீவ் ஆபரேஷன் அமிலம் மேலேறும் தொல்லையைப் புதிதாக உண்டாக்கவோ இருப்பதை அதிகமாக்கவோ கூடும் என்பது அறுவை டாக்டர்கள் நன்றாக அறிந்த விஷயம். அந்த வரியைப் பற்றி அன்றைக்கு யாரும் என்னிடம் வாயே திறக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எண்டோஸ்கோபி எடுத்தால், ரிப்போர்ட்டை உங்கள் கையில் வாங்கி, "இதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஸ்லீவ் சரியா, பைபாஸ் சரியா?" என்று நேராகக் கேளுங்கள்.

பல வாரம் அலைந்த பிறகு கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். கணவர் போனில்தான் துணை. அந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. முதலில் எடையைப் பார்த்தார், பிறகு ஃபைலைப் பார்த்தார், அப்புறம் அந்த வெள்ளைத்தாளை எடுத்தார். "உங்களுக்குக் குறைந்த கூடுதல் எடை இப்போது எத்தனை சதவீதம் நிற்கிறது?" என்று கேட்டார். 108-இலிருந்து 88 வந்தால் 20 கிலோ. 44-இல் 20 என்றால் 45 சதவீதம். பக்கத்தில் இன்னொரு எண்ணை எழுதினார். பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் 240 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஸ்லீவ்பாஸ் என்கிற ஆய்வில், ஐந்தாம் வருஷம் ஸ்லீவ்காரர்களுக்குச் சராசரியாக 49 சதவீதம், பைபாஸ்காரர்களுக்கு 57 சதவீதம். பத்தாவது வருஷத்தில் அது சுமார் 43-ஆகவும் 51-ஆகவும் இறங்கிவிட்டது. "நீங்க சராசரிக்குப் பக்கத்துலதாம்மா இருக்கீங்க. யாரும்மா உங்களைத் தோத்துட்டீங்கன்னு சொன்னது?" என்றார். அவர் முன்னாலேயே அழுதேன். ஐந்தாம் வருஷ எண்கள் வெளியானது 2018 ஜனவரியில். எனக்கு ஆபரேஷன் நடந்ததும் அதே வருஷம்தான். 70 என்று சொன்னவர்கள் அதோடு 49-ஐயும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அதே ஆய்வில் அவர் காட்டிய இன்னொரு விஷயம் என்னை அதைவிட அதிகமாக யோசிக்க வைத்தது. பத்தாவது வருஷம் ஸ்லீவ்காரர்களில் ஒருவருக்குக் கூடுதல் எடையில் 2 சதவீதம்தான் குறைந்து நின்றது. இன்னொருவருக்கு 109 சதவீதம், அதாவது பிஎம்ஐ 25-க்கும் கீழே போய்விட்டார். சராசரி 43 என்கிற ஒற்றை எண்ணுக்குள் இத்தனை பெரிய விரிவு இருக்கிறது. சராசரியை மட்டும் சொல்லி அனுப்பினால், கீழ்ப்பாதியில் இருக்கிற ஒவ்வொருவரும் தன்னைத்தானே குற்றவாளியாக நினைத்துக்கொண்டுதான் வாழ்வார்கள். நான் அப்படித்தான் வாழ்ந்தேன்.

இப்போது கணினிக் கணிப்புகளும் வந்திருக்கின்றன. பிரான்ஸில் லில் நகர ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று, பல நாடுகளில் 10,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தகவலை வைத்து உருவாக்கிச் சோதித்த ஒரு கருவி 2023-இல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. அது கேட்பது ஏழு விவரம்தான். உயரம், எடை, வயது, எந்த ஆபரேஷன், சர்க்கரை இருக்கிறதா, எத்தனை வருஷமாக, புகைப்பழக்கம் உண்டா. இவற்றை வைத்து ஐந்து வருஷம் வரைக்கும் எடை போகிற பாதையைக் கோடு போட்டுக் காட்டும். சர்க்கரை நெடுநாளாக இருந்தால், வயது கூடினால், பொதுவாக எடை இறங்குவது கொஞ்சம் மட்டுப்படும். நல்ல கருவிதான், டாக்டரே பாராட்டிச் சொன்னார். ஆனால் ஐந்தாம் வருஷக் கணிப்பில் பிஎம்ஐ-யில் நடுவான பிழை 2.8, அதாவது பாதிப் பேருக்குப் பிழை அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். என் உயரத்தில் பிஎம்ஐ ஒன்று என்பது இரண்டரைக் கிலோ. அப்படியானால் கணிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 7 கிலோ தள்ளிப்போவது சாதாரணம், பலருக்கு அதையும் தாண்டிப் போகும். அதனால் எந்தக் கணிப்பையும் ஒரு புள்ளியாக வாங்காதீர்கள். "நன்றாகப் போனால் எவ்வளவு, சுமாராகப் போனால் எவ்வளவு, மோசமாகப் போனால் எவ்வளவு?" என்று மூன்று எண்ணாக வாங்குங்கள். அந்த மோசமான எண்ணிலும் ஆபரேஷன் செய்துகொள்ள மனசு சம்மதிக்கிறதா என்று பாருங்கள்.

சரி, ஸ்லீவை பைபாஸாக மாற்றுகிற இரண்டாவது ஆபரேஷனுக்கு அந்தக் கருவியைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். ஏற்கெனவே ஒருமுறை இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. இரண்டாவது ஆபரேஷன் முதலாவதின் மறுபதிப்பாக இருக்காது. உடம்பு ஏற்கெனவே ஒருமுறை பட்டினிக்குப் பழகியிருக்கிறது, தசை குறைந்திருக்கிறது, உள்ளே முதல் ஆபரேஷனால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. பொதுவாக எடை இறங்குவது குறைவாகத்தான் இருக்கும், சிக்கல்களுக்கான வாய்ப்பு அதிகம். யாருக்கு எவ்வளவு பலன் என்பதைச் சொல்ல அவர் முதலில் தேடியது எடை ஏறியதற்கான காரணத்தை. திரும்பவும் எண்டோஸ்கோபி, பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஒரு மாதம் சாப்பாட்டுக் குறிப்பு, மனநல ஆலோசகரோடு பேச்சு. என் இரைப்பைக் குழாய் பெரிதாக விரியவில்லை. ஆனால் அதன் மேல்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருந்தது. "அமிலத்தொல்லை போறதுக்கு இந்த பைபாஸ் நல்லா உதவும். எடை பத்துப் பன்னிரண்டு கிலோ குறையலாம், ஆறோட நின்னாலும் நிக்கலாம். எடைக்காக மட்டும்னா உங்களுக்கு நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார். பித்தநீர் மேலேறும் வாய்ப்பு இருப்பதால் ஒரே இணைப்பு போடுகிற மினி பைபாஸ் எனக்கு வேண்டாம், இரண்டு இணைப்பு போடுகிற ரூ-என்-வை பைபாஸ்தான் சரி என்றும் விளக்கினார்.

அடுத்த அடி காப்பீட்டில் விழுந்தது. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் கொண்டுவந்த வரைமுறைப்படி, உடல் பருமன் ஆபரேஷனுக்குப் பணம் தர சில நிபந்தனைகள் உண்டு. வயது 18 அல்லது அதற்கு மேல், டாக்டர் பரிந்துரை, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல். இல்லாவிட்டால் பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் இருந்து, அதோடு இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற ஒன்று இருக்க வேண்டும். 88 கிலோவில் என் பிஎம்ஐ 34.4. இது அமிலத்தொல்லைக்கான ஆபரேஷன் என்று டாக்டர் கடிதம் கொடுத்தும், பைபாஸ் என்ற பெயரைப் பார்த்ததுமே உடல் பருமன் பிரிவில் போட்டு, பிஎம்ஐ போதவில்லை என்று நிராகரித்தார்கள். முறையீடு செய்தேன், பலனில்லை. முதல் ஆபரேஷன் ஓரளவு வேலை செய்ததாலேயே இரண்டாவதற்குப் பணம் கிடைக்காமல் போகிற நிலை இது. முதல் ஆபரேஷனுக்குப் பணம் ஏற்பாடு செய்யும்போதே, என்றாவது இரண்டாவது வந்தால் அதற்கு யார் கட்டுவார்கள் என்று பாலிசித் தாளை எடுத்துப் படியுங்கள். முன்அனுமதிக்கு அனுப்பும் கடிதத்தில் எதற்காக ஆபரேஷன் என்பதை எண்டோஸ்கோபிப் படத்தோடு முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்து நாலு லட்சத்து தொண்ணூறாயிரம் ஆயிற்று. தாலிக்கொடி தவிர மற்ற நகைகளை அடகு வைத்தேன். சம்பளமில்லாத விடுப்பு வேறு. நகையை மீட்க ஒன்றரை வருஷம் ஆனது.

ஆபரேஷன் அறையில் நேரம் அதிகம் பிடித்தது. உள்ளே கல்லீரலோடு ஒட்டியிருந்ததைப் பிரித்தெடுக்கவே வெகுநேரம் ஆனதாம். முதல் தடவை எப்படி வெட்டினார்கள், எந்த அளவுக் குழாயை வைத்து வெட்டினார்கள் என்கிற அறுவைக் குறிப்பு என் ஃபைலில் இருந்தது அவருக்குப் பெரிய உதவியாக இருந்ததென்று சொன்னார். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அறுவைக் குறிப்பையும் தனியாகக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல வருஷம் கழித்துக் கேட்டால் பல இடங்களில் கிடைப்பதில்லை.

நெஞ்செரிச்சல் போய்விட்டது. ஒரே தலையணையில் மல்லாந்து படுத்துத் தூங்கின முதல் ராத்திரி, விடியற்காலையில் எழுந்ததும் அத்தையைக் கட்டிக்கொண்டேன். எடை ஒரு வருஷத்தில் 77-க்கு வந்து, இப்போது 79-இல் நிற்கிறது. இந்த 79-ஐ வைத்து எத்தனை சதவீதம் சொல்லலாம் என்று பாருங்கள். இரண்டாவது ஆபரேஷனுக்கு முந்தைய 88-இலிருந்து பார்த்தால் மொத்த எடையில் 10 சதவீதம். அதையே கூடுதல் எடையாகப் பார்த்தால் 24-இல் 9 கிலோ, 37.5 சதவீதம். 2018-இன் 108-இலிருந்து பார்த்தால் மொத்த எடையில் 27 சதவீதம். அதன் கூடுதல் எடைக் கணக்கில் 66 சதவீதம். ஒரே ஆள், ஒரே தராசு, நான்கு பதில். இரண்டாவது ஆபரேஷனுக்கு விளம்பரம் செய்கிறவர் 66 என்று போட்டாலும் அது பொய்யாகாது. அதில் பெரும்பகுதி முதல் ஆபரேஷன் செய்த வேலை என்பது மட்டும் வெளியே தெரியாது. இரண்டாவதாகப் போகிறவர்கள், "இந்தச் சதவீதம் என் முதல் எடையிலிருந்தா, இப்போதைய எடையிலிருந்தா?" என்று கட்டாயம் கேளுங்கள். "உங்களிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் வருஷம் செக்கப்புக்கு வந்தார்கள்?" என்றும் கேளுங்கள். எடை ஏறினவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் விட்டுவிடுவார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு அழகாகத்தான் வரும்.

பைபாஸுக்குப் பிறகு வாழ்க்கை வேறு. இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி ஆயுளுக்கும் எடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. என் வீட்டுச் செலவில் இது மாதாமாதம் ஒரு தனி வரி. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை போட்டால் இணைப்பில் புண் வரலாம். பல் டாக்டரிடமும், காய்ச்சலுக்குப் போகிற தெருமுனை கிளினிக்கிலும் நாம்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். இனிப்பை வேகமாகச் சாப்பிட்டால் படபடவென்று வியர்த்து மயக்கம் வரும். வாந்தி நிற்காமல் சில நாள் தொடர்ந்தால் வீட்டில் இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். தயமின் என்கிற பி1 குறைந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும், அது அவசரம்.

போன செக்கப்பில் எடை குறைக்கும் ஊசி பற்றிப் பேச்சு வந்தது. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ இந்தியாவுக்கு வந்ததிலிருந்து எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறுகிறவர்களுக்கும் இப்போது இந்த வகை மருந்துகளைக் கொடுக்கிறார்கள். இந்தத் தடவை கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தேன். எத்தனை கிலோ, எந்த எடையிலிருந்து, எத்தனை மாதத்தில், மோசமாகப் போனால் எவ்வளவு, நிறுத்தினால் என்ன ஆகும். நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும் என்றார் டாக்டர். இதே வகையைச் சேர்ந்த செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தி ஒரு வருஷம் பார்த்ததில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருக்கிறது. அந்த மருந்துகளுக்கு அனுமதி வாங்கித் தந்த பெரிய ஆய்வுகளிலும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைச் சேர்க்கவில்லை என்பதால், விளம்பரத்தில் வரும் சதவீதத்தை அப்படியே எனக்குப் போட முடியாது என்றும் அவரே சொன்னார். 79 கிலோவில் எனக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் வலி இல்லை. ஆறு மாதம் கழித்து, எடை 82-ஐத் தாண்டினால் பேசலாம் என்று இருவரும் முடிவு செய்து, அந்த எண்ணை என் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.